குடலுக்கு எந்தப் பொடி?

கேள்வி: குடலில் வருடக்கணக்கில் கழிவு ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். குடல் சுத்தப் பொடிகளில் எதை வாங்கலாம்?

பதில்: கீரைக்கட்டு வாங்குங்கள்! வருடக்கணக்கில் கழிவு ஒட்டிக்கிடக்கிறது என்பது விற்பனைக்காகக் கட்டிய கதை. குடலின் உட்சவ்வு சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல பொடிகளில் 'சென்னா' இருக்கும். நம்மூர் நிலாவரைதான் அது. 'திருநெல்வேலி சென்னா' என்றே உலகச் சந்தையில் பெயர். மலச்சிக்கலுக்குச் சில நாள் சாப்பிட நல்ல மருந்து. மாதக்கணக்கில் விழுங்கினால் பேதியோடு பொட்டாசியமும் போய் உடல் தளரும். மறுநாள் எடை குறைந்திருந்தால் மகிழாதீர்கள். போனது தண்ணீர், கொழுப்பல்ல.

வாங்கியே தீருவேன் என்றால் இசப்கோல் உமி வாங்குங்கள். ஒரு டீஸ்பூனை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகுமுன் குடித்து, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டினால் தொண்டையிலேயே அடைக்கும். வாழைத்தண்டு, கொய்யா, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து கிடைத்தால் பொடியே வேண்டாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம் இவற்றில் எது இருந்தாலும் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். பெருங்குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்த முடியும்.