ஸ்லிப் முதலாளி

கண்டியில் கொழும்பு வீதி, திருகோணமலை வீதி, கட்டுகஸ்தோட்டைச் சந்தி, எங்கே கடை ஏறினாலும் இவரைப் பார்க்கலாம். மேசையில் ஏலம், கராம்பு, சாதிக்காய். சுவரில் பிள்ளையார். பிள்ளையாருக்குக் கீழே லங்காகியூஆர் ஸ்டிக்கர், அதற்கு முன்னால் ஊதுபத்தி. புகை பட்டுப் பட்டு ஸ்டிக்கர் பாதி பழுப்பாகிவிட்டது. 2024 பெப்ரவரி 12 தொடக்கம் இந்தியப் பயணிகள் யூபிஐயில் இதையே ஸ்கேன் பண்ணிக் காசு கட்டலாம் என்று கேள்விப்பட்டதும் ஊதுபத்தியை இரண்டு அங்குலம் நகர்த்தினார். தொழில்நுட்பத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஆனால் வெப்சைட் மட்டும் கட்டாயம் வேண்டும். காரணம் வியாபாரம் அல்ல, எதிர்க்கடைக்காரர் போட்டுவிட்டார். பேராதனையில் படித்து முடித்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தம்பி அகப்படுகிறார்.

"தம்பி, காசு ஒன்லைன்ல வரணும். அந்த பேபால் இருக்கே, அதப் போடுங்க."

"பேபால்ல இங்கருந்து காசு கட்டலாம் முதலாளி. இங்க வாங்க ஏலாது."

"போற வழி மட்டும்தானா? நம்ம வீட்டு வரவு செலவு மாதிரி இருக்கே."

ஆகவே உள்ளூர் பேமென்ட் கேட்வே ஒன்று என்று முடிவாகிறது. நூறு ரூபாவுக்கு மூன்று ரூபா சொச்சம் கொமிஷன் என்றதும் முதலாளி நெஞ்சில் கை வைக்கிறார். காசைத் திருப்பிக் கொடுக்கும் விதிமுறைகளை வெப்சைட்டில் எழுதிப் போட வேண்டும் என்றதும் மற்றக் கையையும் வைக்கிறார். "திருப்பிக் குடுக்கிறதா? அத எழுதி வேற வைக்கணுமா?"

அடுத்த தகராறு விலையில். முதலாளிக்கு விலை என்றால் 4,500/= தான். நான்குக்குப் பின்னால் கால்புள்ளி இல்லாவிட்டால் பணம் கெட்டியாகத் தெரியாது. கடைசியில் அந்தச் சாய்கோடும் இரட்டைக் கோடும் இல்லாவிட்டால் யாராவது பக்கத்தில் ஒரு சைபர் போட்டுவிடுவார்கள். கேட்வேக்கு இந்த நியாயம் விளங்காது. பேஹியர் போன்ற கேட்வேயில் கடை இலக்கம், ஓடர் இலக்கம், தொகை, நாணயம், கடைக்கென்று கொடுத்த இரகசியச் சாவி எல்லாவற்றையும் சேர்த்து எம்டி5 என்ற கணக்கில் போட்டு ஒரு முத்திரை எடுத்து அனுப்ப வேண்டும். தொகை 4500.00 என்றுதான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கால்புள்ளி நுழைந்தாலும் முத்திரை மாறிவிடும், கேட்வே கதவைச் சாத்திவிடும். கடைசியில் தம்பி சமாதானம் பண்ணினார்: வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் முதலாளியின் விலை, உள்ளே போகும் கணக்கில் கேட்வேயின் விலை.

பிறகு ஒத்திகை. சாண்ட்பாக்ஸ் என்ற கேட்வேயின் ஒத்திகைக் களத்தில், பரீட்சைக்கென்று தரும் அட்டை இலக்கத்தைப் போட்டு, ஒரு கிலோ ஏலக்காய்க்குத் தம்பி காசு கட்டிக் காட்டினார். முதலாளி முகம் மலர்ந்து, பொடியனைக் கூப்பிட்டு ஏலக்காய் நிறுக்கச் சொல்லிவிட்டார். அது விளையாட்டுக் காசு என்று விளங்கவைக்கத் தேநீர் இரண்டு தேவைப்பட்டது.

விஷயத்தின் கரு இனித்தான். வாடிக்கையாளர் அட்டை இலக்கத்தைக் கடையின் பக்கத்தில் அடிப்பதில்லை. கேட்வேயின் பக்கத்தில் அடிக்கிறார். வங்கி அனுப்பும் ஓடிபியைக் கொடுத்ததும் 'நன்றி' என்ற பக்கத்துக்குத் திரும்பி வருகிறார். அந்த நன்றியை நம்பிப் பார்சல் கட்டக் கூடாது. முகவரி தெரிந்த எவரும் காசே கட்டாமல் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். உண்மைச் செய்தி பின்பக்கத்தால் வரும்: கேட்வேயின் கணினி கடையின் கணினிக்கு நேரே சொல்லும். 2 என்றால் காசு கட்டியாயிற்று. 0 என்றால் இன்னும் முடியவில்லை. -1 என்றால் ஆள் மனம் மாறிவிட்டார். -2 என்றால் சரிவரவில்லை. -3 என்றால் கட்டிய காசை அட்டைக்காரர் வங்கியில் முறையிட்டுத் திரும்ப வாங்கிவிட்டார். அந்தச் செய்தியோடு வரும் முத்திரையையும் சரிபார்த்த பிறகுதான் நம்பலாம்.

முதலாளி மேசையில் தட்டினார். "வாங்கிறவன் சொன்னா நம்பாத, காசு வந்த இடத்துல கேளு. இதத்தானே தம்பி நானும் முப்பது வருஷமா சொல்றேன்!"

சொன்னது மெய்தான். மைத்துனருக்கே கடன் கொப்பியில் கையெழுத்தில்லாமல் நூறு கிராம் கராம்பு கொடுத்தவர் அல்ல. அப்பேர்ப்பட்டவரை வீழ்த்தியது போனில் வரும் ஒரு படம். முன்பின் தெரியாத ஒருவர், காசு அனுப்பியாயிற்று என்று பச்சை நிறத்தில் சரி போட்ட 'ஸ்லிப்' ஸ்கிரீன்ஷொட் ஒன்றை வட்ஸ்அப்பில் போட்டால் போதும், பார்சல் பஸ் ஏறிவிடும். சிங்கள வாடிக்கையாளரிடம் "ஸ்லிப் எக எவன்ன". தமிழரிடம் "ஸ்லிப்ப அனுப்பிடுங்க". டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் "சுகமா? ஸ்லிப் எங்க?" படத்தில் தொகையை மாற்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்றால், "அப்பிடிச் செய்வாங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்பார். 2015இல் செஃப்ட்ஸ் என்ற வங்கிப் பணமாற்று முறை வந்ததிலிருந்து ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு சில நொடியில் வந்துவிடும், நடு இரவானாலும் போயா தினமானாலும். கணக்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்ட் மகளிடம், மகள் டியூஷனில்.

வெப்சைட்டில் முதல் ஓடர் விழுந்தது. 2 என்று செய்தி வந்தது, முத்திரையும் சரி. முதலாளி உடனே வாடிக்கையாளருக்கு அழைப்பு எடுத்தார்.

"காசு கட்டினீங்களாமே, ஸ்லிப்ப ஒருக்கா அனுப்புங்க."

"கார்ட்ல கட்டினதுக்கு ஏது ஸ்லிப்?"

"அப்ப கார்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

தம்பி பாய்ந்து போனைப் பறித்தார். அட்டை இலக்கம் கடைக்காரர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை பாடும்!

வேலை முடிந்தது, தம்பிக்குச் சம்பளம். முதலாளி அன்றே ஸ்லிப் அனுப்பினார். தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்லிப் வந்திச்சா தம்பி?"

"வந்திச்சு முதலாளி. வங்கி எஸ்எம்எஸ் வரல்ல."

"என்ன தம்பி, என்னையே நம்ப மாட்டீங்களா?"

"நம்புறேன். ஆனா ஸ்லிப்புல காசு போற திகதி அடுத்த மாசம் பத்தாம் திகதின்னு போட்டிருக்கு."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை, மரியாதை கூடியிருந்தது.

"நீங்க ஏன் தம்பி கொம்பியூட்டர்ல கெடந்து கஷ்டப்படுறீங்க? ஒரு கடையப் போடுங்க, முன்னுக்கு வருவீங்க."