ஏர் புடிச்ச இஞ்சினும் ஏழு சர்டிபிகேட்டும்

வா தம்பி, அந்த ஐஸ் பொட்டி மேல உக்காரு. ஈரந்தான், ஒண்ணும் ஆவாது. கையில இன்னாது, ஃபைலா? ஏழு சர்டிபிகேட்டா! பலே. எழுவது வயசுல நான் சேத்த காயிதம் ரேஷன் கார்டும் மீனவர் அட்டையுந்தான்.

கேளம்பாக்கம் பக்கம் ஏசி ஹால்ல மீட்டிங்காமே. 'வாழ்நாள் பூரா கத்துக்கிட்டே இருக்கணும்'னு கோட்டு போட்ட ஒரு ஆளு சொன்னாராம். நீ கை தட்டினியாம். ஏன்டா, இதைச் சொல்லக் கோட்டு எதுக்கு? எங்கப்பாரு கோவணத்தோட சொன்னாரே, அப்ப எவன் கை தட்டினான்?

அவரு காலத்துல பருத்தி வலை. சாயத்துல ஊற வெச்சுக் காயப் போடலேன்னா மக்கிப்போவும். அப்புறம் நைலான் வந்துச்சு. பழைய முடிச்சுப் போட்டா வழுக்கிக்கிட்டு ஓடும். முடிச்சையே முதல்லேருந்து கத்துக்கிட்டோம். கட்டுமரங்கற பேரை வெள்ளைக்காரன் தூக்கிக்கிட்டுப் போனான், மரத்தை நாமளே வுட்டுட்டோம். 2004 டிசம்பர்ல சுனாமி வாரிக்கிட்டுப் போச்சே, அதுக்கப்புறம் கரை பூரா ஃபைபர் படகுதான். இப்ப ஜிபிஎஸ். இத்தனைக்கும் எங்களுக்கு எவனாவது சால்வை போத்தினானா?

சரி, காட்டு உன் காயிதத்தை. லீடர்ஷிப்பு, ரெண்டு நாளு. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துக்காரரு முப்பது வருசம் திண்ணையில குந்திப் பேச்சு வாங்கினாரு, பாவம், இந்தக் குறுக்கு வழி தெரியாம! இது இன்னா, டைம் மேனேஜ்மென்ட்டா? அந்த வகுப்பு ஒரு மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சுதுன்னு நீதானே சொன்னே? ஏழுல ஒண்ணுலயாவது கை அழுக்காச்சா கண்ணு?

கத்துக்குடுக்கறதே வேணாங்கறேன்னு நெனைச்சுக்காதே. மூர்த்தி மேகவனைத் தெரியுமில்ல, நம்ம ஊரு மீனவருதான். வெளியூரு ஆளுங்க பலகை மேல நின்னுக்கிட்டு அலையில வழுக்கறதைப் பாத்துட்டு அவரும் எறங்கினாரு. அட, வலையை வுட்டுட்டு விளையாட்டான்னு நானும் சிரிச்சவந்தான். 2012ல சர்ஃபிங் பள்ளிக்கூடமே தொறந்துட்டாரு. சிறுசேரியில கம்ப்யூட்டர் தட்டுற புள்ளைங்க வந்து காசு குடுத்து உப்புத்தண்ணி குடிக்குதுங்க! நம்ம குப்பத்துப் பசங்க சொல்லித் தராங்க. நீந்தத் தெரியறது வேற, முழுகறவனைத் தூக்கறது வேற, பயந்தவனை அலையில நிக்க வெக்கறது வேற. அதுக்குன்னு தனியாப் பயிற்சி வேணும், காயிதமும் வேணும். அது வயித்துக்குச் சோறு போடற காயிதம்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆவாது. வேலை போனவனைப் பாத்து 'நீ ஸ்கில் கத்துக்கலை'ங்கறது. மறைமலை நகர்ல ஃபோர்டு கார் கம்பெனி இருந்துச்சே, வேலை கெடைச்சவனுக்குப் பொண்ணு தேடி வரும். 2021ல மூடறோம்னாங்க, 2022ல கடைசி வண்டி வெளிய வந்துச்சு. அங்க இருந்தவன் கை தெரியாதவனா? காத்து மாறினா பாயை மாத்திக் கட்டணும், ஞாயந்தான். காத்து மாறினது படகுக்காரன் குத்தமா?

தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐயை டாடா டெக்னாலஜீஸ் கூட சேந்து 2,877 கோடியில புதுப்பிச்சாங்களாம். ரோபோட்டெல்லாம் நிக்குதாம். நிக்கட்டும். ஃபிட்டர் படிக்கிற புள்ளை அரத்தைப் புடிச்சு இரும்பை ராவுறதை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா. இரும்பு இன்னா சொல்லுதுன்னு கைக்குத் தெரியணுமில்ல?

ஐடிஐன்னதும் ஞாபகம் வருது. போன ஆடியில எங்க படகு இஞ்சின் கெளம்பவே மாட்டேன்னுச்சு. நாலு பேரு மாத்தி மாத்தி இழுத்தோம். கற்பூரம் ஏத்தினோம். எலுமிச்சம்பழம் வெச்சோம். ம்ஹூம். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் வந்தான், டீசல் மெக்கானிக் படிச்சவன், மீசை கூட மொளைக்கலை. "தாத்தா, டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு"ங்கறான். அம்பது வருசமா கடல்ல கெடக்கறேன், எனக்கே பாடமா? நான் கத்திக்கிட்டே இருக்கேன், அவன் ஸ்பேனரை வெச்சு ஒரு நட்டைத் தளத்தி, கைப்பம்பை அமுக்கினான். நொரை நொரையா வந்துச்சு. நொரை நின்னு வெறும் டீசலா வந்ததும் நட்டை இறுக்கினான். ஒரே இழுப்பு, படபடன்னு புடிச்சுக்கிச்சு. எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு ஜூஸ் போட்டுக் குடிச்சோம்.

அதை எப்படிடா செஞ்சேன்னு அவன்கிட்டப் போய்க் கேக்க எனக்கு மூணு நாளு ஆச்சு தெரியுமா? கத்துக்கிட்டது பத்து நிமிசம். பேரன் வயசுக்காரன் முன்னாடி தெரியாதுன்னு நிக்கற வெக்கம் இருக்கு பாரு, அதுக்குத்தான் மூணு நாளு. உன் ஏசி ஹால்ல இதுக்கு எதுனா கோர்ஸ் வெச்சிருக்காங்களா?

நாளைக்கு விடியகாலம் நாலு மணிக்கு வா. அந்தப் பையன் உனக்குக் காட்டுவான். உன்னைவிட மூணு வயசு சின்னவன், வாடா போடாம்பான், பொறுத்துக்க. ஃபைலை வூட்லயே வெச்சுட்டு வா. நனைஞ்சிடும்.