நிழற்குடையியல்: ஏற்காட்டுப் பூங்காக் கட்டுமானங்களையும் தேர்தல் பணிப் படியையும் முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பூங்காவில் கிடக்கும் சிமென்ட் பெஞ்சுக்கும், தேர்தலன்று வாக்குச்சாவடியில் கிடக்கும் மர பெஞ்சுக்கும் உள்ள உறவை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் ஆராயவில்லை. ஆராயாததற்குத் தக்க காரணம் இருக்கலாம். ஆனால் ‘ஆய்வு இடைவெளி’ ஒன்று கண்ணில் பட்டால் அதில் ஒரு கட்டுரையைச் செருகிவிடுவது நம் கல்விப்புல மரபு. அம்மரபை மீற இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை.

1. ஆய்வுக் களம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சேர்வராயன் மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. ஏரி, ஏரியை ஒட்டி அண்ணா பூங்கா, மே மாதம் வந்தால் கோடை விழா, மலர்க் கண்காட்சி. இங்கே பூ தோட்டக்கலைத் துறையுடையது, படகு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, காடு வனத்துறையுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, குப்பை ஊராட்சியுடையது. மழை யாருடையது என்பது இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது.

2. வகைப்பாடு

(அ) பாறை இருக்கைகள்: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். இயற்கை செய்தவை, மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டுச் செய்யாதவை. இன்னும் உடையவில்லை.

(ஆ) காளான் குடை: ஒருவர் நின்றால் நனையமாட்டார், இருவர் நின்றால் ஒருவர் நனைவார்.

(இ) செல்ஃபி பாயின்ட்: விளக்கம் தேவையில்லை.

(ஈ) சிமென்ட் பெஞ்ச்: உட்காரலாம்.

(உ) திறப்பு விழாக் கல்வெட்டு: மேற்கண்டவற்றில் (அ) நீங்கலாக மற்ற யாவும் இதைத் தாங்கி நிற்பதற்காகவே எழுப்பப்படுகின்றன என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆகவே இதற்குத் தனி இயல்.

3. கல்வெட்டு இயல்

சோழர் காலக் கல்வெட்டு மெய்க்கீர்த்தியில் தொடங்கும். பூங்காக் கல்வெட்டு ‘மாண்புமிகு’வில் தொடங்குகிறது. அங்கே எத்தனை நிலம், எத்தனை விளக்கு என்று கணக்கு வரும். இங்கே எந்த நிதி, எத்தனை லட்சம் என்று வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்த நிதியில் எழுந்த நிழற்குடை எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கல்வெட்டு சொல்லாது (காண்க: கடலைப் பொட்டலம் மடித்த தாள், வெளிப்பக்கம்).

பெயர் வரிசை நுட்பமானது. திறந்து வைத்தவர் முதலில். எழுத்தளவும் அவருக்கே பெரிது. அடுத்து தலைமை, பின்பு முன்னிலை, பிறகு வரவேற்பு. இவர்களுக்குக் கீழே, பளிங்கின் ஓரத்தில், படிக்க மண்டியிட வேண்டிய அளவில் பொறியாளர், ஒப்பந்ததாரர் (மேலது, உட்பக்கம், உப்பு படிந்த பகுதி). கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை. இந்த வரிசைக்கு மூலம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆய்விதழ்க் கட்டுரைகளில் மாணவர் எழுதியதற்கு நெறியாளர் பெயர் முதலில் வரும் முறையிலிருந்து கிளைத்ததே என்பது ஒரு சாரார் கருத்து. இல்லை, நெறியாளர்கள்தாம் கல்வெட்டைப் பார்த்துக் கற்றார்கள் என்பது மறுசாரார் வாதம் (மிளகாய் பஜ்ஜி சுற்றிய விடைத்தாள், மதிப்பெண் 4/20, மூன்றாம் பத்தி, இதற்கு மறுப்பாக அதே கடையின் வாழைக்காய் பஜ்ஜித் தாள், இரண்டையும் ஒப்புநோக்கி எழுந்த சட்னியுரை, சட்னி பட்ட இடங்களில் பாடபேதம் உண்டு, எண்ணெய் ஊறிய இடங்களில் பின்பக்க வரிகளும் சேர்ந்தே தெரிவதால் அவற்றை இடைச்செருகல் எனக் கொள்க).

4. முக்காட்டுக் காலம்

கல்வெட்டின் வாழ்வில் ஒரு மறைவுக் காலம் உண்டு. தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். நேற்றுவரை ஒளிர்ந்த பெயர்கள்மேல் காகிதம் ஏறும். ஒரு வாளி மைதாப் பசை, ஒரு தென்னை மட்டைத் தூரிகை, ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள்: தொல்லியலுக்குத் தேவையான கருவிகள் இவ்வளவே. சேர்வராயன் மலைப் பனியில் மைதாப் பசை இறுகாது. காலையில் ஒட்டியது மாலையில் மூலையில் உரிந்து, ‘மாண்புமிகு’ மட்டும் எட்டிப் பார்க்கும். மறுநாள் மீண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டப்பட்ட செய்தித்தாளிலேயே அதே தலைவரின் படம் இருந்தால் அது விதிமீறலா என்ற வினாவுக்கு இதுவரை விளக்கம் வரவில்லை.

முக்காட்டியலில் ஏற்காட்டுக்கு உரிய இடம் உண்டு. பழங்குடியினருக்கான தனித்தொகுதியான இங்கே, உறுப்பினர் சி. பெருமாள் மறைந்ததால் 2013 டிசம்பர் 4 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அவர் மனைவி பெ. சரோஜா வென்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்த நோட்டா, தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்தத் தேர்தலில்தான் இயந்திரத்தில் ஏறியது. அதற்குக் கல்வெட்டு கிடையாது. திறந்து வைத்தோம் என்று சொல்ல எவரும் முன்வரவில்லை.

5. பசை வாளியைத் தூக்கியவர்

இனி ஆய்வின் இரண்டாம் பாகம். பசை வாளியைத் தூக்கியவரைப் போன்ற ஊழியர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்களிடமிருந்துதான் தேர்தல் நடத்தும் ஆட்களும் எடுக்கப்படுகிறார்கள். விடிவதற்குமுன் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, 7 மணிக்குத் தொடங்க வேண்டும். ஒருவர் பட்டியலில் பெயர் தேடுவார், ஒருவர் மை வைப்பார், ஒருவர் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை ஆயத்தப்படுத்துவார். மாலை 6 மணிக்கு முடித்து, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவம் எழுதி, முத்திரை வைத்து, ஜோனல் ஆபீசர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு இயந்திரம் கழுதைமேல் ஏறிப் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். கண் கழுதைமேல்தான் போகும். பக்கத்தில் நடந்தவர்மேல் போகாது.

இதற்கான படி, 2025இல் உயர்த்தப்படும்வரை வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய், மற்ற அலுவலருக்கு 250. உயர்த்தியபின் 500, 400. வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியல் திருத்தும் வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு (பி.எல்.ஓ.) 2015 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2025 ஆகஸ்டில்தான் 12,000 ஆனது. கல்விப்புலத் துல்லியத்துடன் வகுத்தால், பத்தாண்டுக் காலம் நாளொன்றுக்கு 16 ரூபாய் 44 காசு. இப்போது 32 ரூபாய் 88 காசு. உயர்வு வந்த சில மாதங்களிலேயே, நவம்பர் 4 முதல், சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் அவரே மறுபடியும் படிவக் கட்டுடன் மலையேறினார்.

6. யார் முடிவு செய்வது?

நிழற்குடை எங்கே வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டிய ஊரக உள்ளாட்சிக்கு 2019 டிசம்பரில் இங்கே தேர்தல் நடந்தது. ஒரே வாக்காளருக்கு நான்கு நிறச் சீட்டு. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; கல்வெட்டில் இடம்பெறும் ஆசையும் அவர்களுக்குக் குறைவு. நிழற்குடையியலுக்கு இது சோதனைக் காலம்.

முடிவுரை

நிழற்குடை கட்டுபவருக்குக் கல்வெட்டில் பெயரில்லை. கல்வெட்டில் பெயர் உள்ளவரைத் தேர்ந்தெடுக்கும் நாளை நடத்திக் கொடுப்பவருக்குக் கையில் காசில்லை. இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை என்பதே ஆய்வின் முடிவு. பரிந்துரையும் ஒன்றுதான்: அடுத்த கல்வெட்டில் கொத்தனார் பெயரைப் போடுங்கள், அடுத்த படி உயர்வுக்கு இன்னொரு பத்தாண்டு காக்க வைக்காதீர்கள்.