டீசல் அம்பாசடரின் திரிதோஷம்

உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் டீசல் அவதாரமொன்று, வித்வான்கள் நிறைந்த அண்ணாமலை நகர் வீதியொன்றில், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய, முகப்பு விளக்குகள் மங்க, ரேடியேட்டர் கொதிக்க, ஏககாலத்தில் மூன்று வியாதிகளோடு நின்றுவிடுமானால், அதைச் சூழ்ந்துகொள்ளும் நண்பர் குழாம், பேட்டரி, டைனமோ, ஹெட் கேஸ்கட் என்று மூன்று சித்தாந்தங்களை ஸ்தாபித்து, பரபக்ஷ கண்டனமும் செய்து முடிப்பதற்குள் நடராஜர் கோயிலில் அர்த்தஜாம பூஜை வந்துவிடும். (ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கச் சொல்பவரும் ஒருவர் இருப்பார், டீசல் எஞ்சினில் அப்படியொரு பதார்த்தமே கிடையாது, அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது என்ற விஷயம் அவருடைய உற்சாகத்தைக் குறைப்பதில்லை.) சைக்கிளில் வந்து இறங்கும் மெக்கானிக் பையனோ, பானட்டைத் தூக்கி, டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் சேர்த்துச் சுழற்றுகிற ஒரே பேன் பெல்ட் அறுந்து தொங்குவதைச் சுட்டி, "இதான் சார்" என்பான். சபை கலையுமென்றா நினைக்கிறீர்கள்? பெல்ட் இறுக்கத்தால் அறுந்ததா, தளர்வால் அறுந்ததா என்று அதற்குள் இரண்டு கட்சிகள் உதயமாகியிருக்கும். பையன் புது பெல்ட்டை மாட்டிக் கூலி கேட்பது ஒருவர் காதிலும் விழாது.