குண்டுமணிக்கு ஓய்வு இல்லை

தாசில்தாருக்கு 60 வயதில் அரசாங்கமே ஓய்வு கொடுத்துவிடுகிறது. ‘குண்டுமணி’ என்ற அவருடைய செல்லப்பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது. கல்யாணப் பந்தியில், ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் பக்கத்து இலையில் இருக்கும்போதுதான், “டேய் குண்டுமணி, இன்னொரு ஜாங்கிரி வச்சுக்கடா” என்று பெரியத்தையின் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். மனிதர் சிரிக்கிறார், காது சிவந்துவிட்டது. இத்தனைக்கும் ஆள் இப்போது ஒல்லி, சர்க்கரை வேறு.

ஜெயலலிதாவுக்கு வீட்டில் ‘அம்மு’ என்று பெயர். கோட்டையில் அதைச் சொல்லிப் பார்க்கும் தைரியம் எந்த அமைச்சருக்கு இருந்திருக்கும்?

‘செல்லம்’ மட்டும் பாவம். 2004-இல் ‘கில்லி’ படம் வந்த நாளிலிருந்து, கணவன் ஆசையாக அப்படிக் கூப்பிட்டாலும் மனைவிக்குப் பிரகாஷ்ராஜின் குரல்தான் கேட்கிறது. அவள் அதற்கு, “முதல்ல குப்பையைக் கொட்டிட்டு வாங்க” என்கிறாள்.