தலையாட்டுதவனை நம்பாத, மருமவனே

"போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், எல்லாத்துக்கும் ஒரே ஸ்கீமாதான் மாமா. எங்க டூல் பாத்துக்கிடும்"னு நீ உங்க அம்மை முன்னால சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வாயில வெத்தல கெடந்துச்சு, தப்பிச்ச. வாழைக்குத் தண்ணி பாய்ச்சுத கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. அந்த வாழையே நூல் மில்லு கம்ப்யூட்டர் ரூம்ல சம்பாதிச்ச காசுல வச்சதுதான்.

சரி, ஃபாரின் கீக்கு வருவோம். கஸ்டமர்னு ஒரு தாய் டேபிளு, ஆர்டர்னு ஒரு பிள்ளை டேபிளு, ரெண்டையும் கட்டுத கயிறுதான் ஃபாரின் கீ. தாயில ஒரு வரியை அழிச்சா, அதை நம்பிக் கெடக்குத பிள்ளை வரி என்ன ஆவணும்? கூடவே போவணுமா, நல் ஆவணுமா, டிஃபால்ட்டுக்கு மாறணுமா, இல்ல அழிக்கவே விடக்கூடாதா? கேஸ்கேட், செட் நல், செட் டிஃபால்ட், நோ ஆக்‌ஷன்னு நாலையும் 1992 ஸ்டாண்டர்டுலயே எழுதி வச்சுட்டாவ. ரெஸ்ட்ரிக்ட் பொறவு வந்து சேந்தது. போஸ்ட்கிரஸ் இந்த அஞ்சையும் செய்யும். நீ அங்கனயே வளந்த பய. ஒலகமே அப்படித்தான்னு நெனைச்சுட்ட.

ஆரக்கிள்கிட்ட போய்ப் பாரு. ஆன் டெலிட்டுல கேஸ்கேட், செட் நல், இந்த ரெண்டுதான். ஆன் அப்டேட்டுங்கிற பேச்சே அங்க கிடையாது. ரெஸ்ட்ரிக்ட்னு எழுதினா சின்டாக்ஸ் எரர். ஒண்ணும் எழுதாம விட்டா அதுவே தடுத்துக்கிடும். தாயை அழிக்கப் போனா 'ஓஆர்ஏ 02292, பிள்ளை வரி இருக்கு'ன்னு கையைப் புடிச்சுக்கிடுவான். அம்புட்டு லைசென்ஸ் காசு வாங்கிட்டு ரெண்டே ரெண்டுதானான்னு கேக்காத. கேட்டா அதுக்கும் பில்லு போட்டுருவான்.

எஸ்க்யூஎல் சர்வர் வேற ரகம். அவனுக்கு ரெஸ்ட்ரிக்ட்ங்கிற வார்த்தையே தெரியாது, நோ ஆக்‌ஷன்னு சொல்லணும். கேஸ்கேட் உண்டு. ஆனா கஸ்டமர்ல இருந்து ஆர்டர் வழியா ஒரு பாதை, முகவரி வழியா இன்னொரு பாதைன்னு ரெண்டும் டெலிவரி டேபிள்ல போய் முட்டிச்சுன்னு வையி, எரர் 1785-னு சொல்லி ஃபாரின் கீயைப் போடவே விடமாட்டான். நெசமாவே முட்டுமா முட்டாதான்னு டேட்டாவைப் பாக்கமாட்டான். முட்டலாம்னு சந்தேகம் வந்தாலே போதும், கதவைச் சாத்திருவான்.

இவிய ரெண்டு பேரையும் நீ திட்டுத. நான் திட்டமாட்டேன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லுதவன் உனக்கு நல்லதுதாம்லே செய்யுதான். நான் பயப்படுதது பூம்பூம் மாட்டைத்தான். என்ன கேட்டாலும் தலையாட்டும், ஒண்ணும் செய்யாது.

மைஎஸ்க்யூஎல்ல மைஐசாம்னு ஒரு எஞ்சின் உண்டு. நீ ஃபாரின் கீ எழுதினா படிக்கும். படிச்சுட்டுக் கீழ போட்டுரும். எரர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. 2010-ல 5.5 வந்தப்போ ஃபாரின் கீயை மதிக்குத இன்னோடிபி எஞ்சினை டிஃபால்ட்டா ஆக்குனாவ, அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறமும் குசும்பு போவல. டேபிளோட காலம்களை எழுதுத இடத்துலயே பக்கத்துல ரெஃபரன்சஸ்னு போட்டா, இன்னோடிபியும் அதைக் கண்டுக்கிடாம இருந்துச்சு. தனியா ஃபாரின் கீன்னு கீழ எழுதினாத்தான் மதிச்சுது. இதைச் சரி பண்ண 2024-ல 9.0 வரவேண்டி இருந்துச்சு. இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்காத. ஸ்டாண்டர்டு படி சுத்தமா எழுதணும்னு நீ மேட்ச்னு ஒரு சொல்லைச் சேத்தா, மேட்சும் வேலை செய்யாது, அதோட நீ எழுதுன ஆன் டெலிட்டும் ஆன் அப்டேட்டும் சேந்து காணாமப் போவும். ஒழுங்கா எழுதுனவனுக்குத் தண்டனை! இதை அவனே மேனுவல்ல போட்டிருக்கான். செட் டிஃபால்ட்டை இன்னோடிபி ஏத்துக்கிடாதுன்னும் அதுலதான் இருக்கு. நீதான் மேனுவல்னா ரயில்வே டைம்டேபிள் மாதிரி வண்டி போன பொறவு புரட்டுத ஆளாச்சே.

எஸ்க்யூலைட்டு? அது உன் செல்லப்பிள்ளை, தெரியும். 2009-ல 3.6.19 வர்ற வரைக்கும் அதுவும் வெறுமனே படிச்சுட்டு விட்ட பயதான். இப்ப செய்யும், ஆனா நீயா முடுக்கிவிடணும். பிரக்மா ஃபாரின் கீஸ் ஆன்னு ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனியா சொல்லணும். ஒருக்கா சொன்னா ஃபைலுக்குள்ள பதிஞ்சிரும்னு நெனைச்சியோ? பதியாது. டிரான்சாக்‌ஷன் நடுவுல சொன்னா அதுவும் செல்லாது, எரரும் வராது. நீ மெனக்கெட்டு எழுதுன டெஸ்ட்டு எல்லாம் பாஸ் பாஸுன்னு வருதுல்லா? கஸ்டமரை அழிச்ச பொறவு அவனோட ஆர்டர் எங்கன போச்சுன்னு ஒரு டெஸ்ட்டாவது கேட்டுச்சா? தாயில்லாப் பிள்ளைய எத்தனை அங்க திரியுதோ, யாரு கண்டா.

இப்ப உன் டூலுக்கு வாரேன். தெரியாத ஆப்ஷன் வந்தா அதைச் சத்தமில்லாம நறுக்கிட்டு மிச்சத்தை அனுப்புதாம்லா, அதைத்தான் நீ 'பாத்துக்கிடும்'னு சொல்லுத. கேஸ்கேட்டை நறுக்கினா தாயை அழிக்க முடியாது. அது கூடப் பரவால்ல, கத்தும், தெரிஞ்சுபோவும். செட் டிஃபால்ட்டுக்குப் பதிலா செட் நல்லை நைசா மாத்தி வச்சியானா? பொதுக் கணக்குல போய்ச் சேர வேண்டிய ஆர்டரு யாருக்கும் சொந்தமில்லாம நிக்கும். கத்தவும் கத்தாது. ஆடிட்டர் வந்து கேப்பாரு, நீ மாமனுக்கு போன் போடுவ.

மாத்தக்கூடிய எடமும் இருக்கு, இல்லங்கல. எஸ்க்யூஎல் சர்வர்ல ரெஸ்ட்ரிக்டை நோ ஆக்‌ஷன்னு எழுதிக்கோ, பாதகமில்ல, அங்க செக்கைத் தள்ளிப்போடுத வசதியே கிடையாது. அதே மாத்தலைப் போஸ்ட்கிரஸ்ல செய்யாத. அங்க நோ ஆக்‌ஷனைக் கமிட் வரைக்கும் தள்ளிப்போடலாம், ரெஸ்ட்ரிக்ட் அந்தந்த நிமிஷமே தடுக்கும். அர்த்தம் மாறாம இருந்தா மட்டும் டூல் மாத்தட்டும், லாக்ல ஒரு வரி எழுதிட்டு. அர்த்தம் மாறுதுன்னா மைக்ரேஷனை நிறுத்தணும். எந்த டேபிளு, எந்த ஆப்ஷன், எந்த டேட்டாபேஸுன்னு பேரைச் சொல்லி நிறுத்தணும். 'வேண்டாம், விட்டுரு'ன்னு நீ கைப்பட எழுதிக் குடுத்தா மட்டும் விடட்டும்.

ஆன் அப்டேட் கேஸ்கேட் ஆரக்கிள்ல போவலன்னு அழுதியே, அதையும் கேட்டுக்கிடுதேன். உன் கீ என்னது? தானா ஏறுத ஐடி நம்பரு. அதை எவம்லே மாத்தப் போறான்? எங்கேயோ பாத்ததைக் காப்பியடிச்சு வச்சிருக்க. அதை எடுத்துப் போட்டா உன் பிரச்சினையில பாதி போயிரும்.

இனிமே ஜாங்கோ மாதிரி கோடுலயே செஞ்சிருதேன்னு சொல்லுவ. ஜாங்கோவோட வழக்கமான கேஸ்கேட் பைத்தான்ல ஓடுதது, டேட்டாபேஸுக்கு அது தெரியாது. அதுல ஒரு நியாயம் இருக்கு, எல்லா டேட்டாபேஸுலயும் ஒண்ணுபோல நடக்கும். ஆனா ராத்திரி எவனாவது நேரா எஸ்க்யூஎல் எழுதி அழிச்சான்னா உன் பைத்தான் குறட்டை விட்டுட்டுல்லா இருக்கும். அதனால கோடுல செய்யுததுன்னா முழுசா அங்கேயே செய்யி, டேபிள்ல தடுக்குத கீயை மட்டும் வையி. பாதி அங்க பாதி இங்கன்னு வச்சியோ, செத்த.

டேபிளைக் கட்டுன பொறவு, நீ கேட்டதை அந்த டேட்டாபேஸ்காரன் வச்சிருக்கானான்னு அவன்கிட்டயே கேளு. மைஎஸ்க்யூஎல்ல இன்ஃபர்மேஷன் ஸ்கீமா இருக்கு, எஸ்க்யூலைட்டுல ஃபாரின் கீ லிஸ்ட்னு ஒரு பிரக்மா இருக்கு.

எங்க எந்திரிக்க? ஒக்காரு. லேப்டாப்பைத் தெற. உன் டெஸ்ட்டு ஓடுத அதே கனெக்‌ஷன்ல பிரக்மா ஃபாரின் கீஸ்னு மட்டும் அடி. ஒண்ணுன்னு வந்தா நான் உனக்கு மட்டன் வாங்கித் தாரேன். பூஜ்யம் வந்தா நீ வாங்கு. எலும்பில்லாமப் பாத்து வாங்கு, எனக்குப் பல்லு ஆடுது.