மதுரைச் சிறுவர் தொப்பி: ஒரு மொட்டைத்தலை ஆய்வு

ஆஸ்திரியச் சிறுவர்களின் தொப்பி வரலாற்றுக்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. டிரோல் மலைப்பக்கம் கம்பளித் தொப்பி, அதில் ஓர் இறகு, வசதியுள்ள வீடென்றால் மலையாட்டு முடியில் குஞ்சம். வியன்னா சிறுவர் பாடகர் குழுவுக்கோ மாலுமி உடுப்பு. அந்த நாட்டுக்கு இன்று கடலே கிடையாது என்பதை அங்கே யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இந்தப் பக்கம் பார்த்தால், கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மதுரையில் பையன்கள் வெறுந்தலையோடு தெருவில் பந்து பொறுக்குகிறார்கள். இது ஏன் என்பதே நமது ஆய்வுச் சிக்கல்.

முதலில் வரையறை. அவிழ்த்து உதறினால் துண்டாகிவிடுவது எதுவும் தொப்பி ஆகாது. இந்த ஒரே விதியால் முண்டாசு, தலைப்பாகை, சும்மாடு எல்லாம் ஆய்வெல்லைக்கு வெளியே போகின்றன. கூடவே பாரதியும் போகிறார்; வருத்தம்தான். 1904இல் சில மாதம் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் என்ற உரிமையில், இந்த ஊர் மாறுவேடப் போட்டி ஒவ்வொன்றிலும் நாலு பாரதியாவது மேடையேறுகிறார்கள். முண்டாசு அப்பாவின் வேட்டி, மீசை அக்காவின் கண்மை. இரண்டாவது வரியில் முண்டாசு கண்ணை மறைக்கும், மூன்றாவது வரி மறந்துபோகும். ஆயினும் விதி விதிதான்.

தொன்மைச் சான்று தேடிக் கீழடி வரை போகலாம். தக்களி கிடைத்திருக்கிறது, நெசவுக்கான எலும்புக் கருவி கிடைத்திருக்கிறது. அதனால் நூல் இருந்தது, துணி இருந்தது, தலையும் இருந்திருக்கும். அதற்குமேல் ஊகிக்க ஆய்வாளருக்கு ஆசை உண்டு, துணிச்சல் இல்லை.

கல்லில் சான்று வேண்டுவோர் புது மண்டபத்துக்குப் போகவேண்டும். அங்கே தூணில் நிற்கும் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) தலையில் குல்லாய் இருக்கிறது. குல்லாய் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. ராஜா தலைக்கு வந்த சொல், ஊரார் வாயில் புகுந்ததும் ‘குல்லாய் போடுவது’ என்றால் ஏமாற்றுவது என்றாகிவிட்டது. மதுரைக்காரன் தொப்பியைச் சந்தேகத்தோடு பார்ப்பதன் வேர் இங்கே இருக்கலாம்.

அந்தச் சந்தேகத்துக்கு முத்திரை வைத்தது 1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அன்று அரை ஆடைக்கு மாறினார். சட்டை போனதை ஊரே பேசுகிறது. தொப்பியும் கூடவே போனதை யார் பேசுகிறார்கள்? தம் பெயரைத் தாங்கிய குல்லாயை அவரே கழற்றிய பிறகும் கதர்க்காரர்கள் பல்லாண்டு விடாமல் போட்டார்கள். தொப்பியைக் கழற்ற மகாத்மாவே தேர்ந்தெடுத்த ஊர் என்ற பெருமையை மதுரை ஏன் சுவரெழுதிக் கொண்டாடவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. பின்னாளில், 1980இல் மதுரை மேற்கில் நின்று ஜெயித்த எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி, மாறுவேடப் பையன்கள் தலையில் பாரதிக்குப் போட்டியாக ஏறியது. அதற்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும் என்பதால் செலவு அதிகம்.

சாமி சொன்னால் மட்டும் கதை வேறு. சித்திரையில் அழகர் வைகைக்கு வரும்போது, அவர்மேல் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்ட பையன்கள் சல்லடம் கட்டி, தலையில் சரிகை வைத்துத் தைத்த உருமா அணிகிறார்கள். அதைத் தைத்த தையல்காரர்கள் நெடுங்காலம் புது மண்டபத்துக்குள்ளேயே, கல் குல்லாய்களுக்குக் கீழே மெஷின் போட்டிருந்தார்கள். பிறகு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. டிரோல் பையன் ஆட்டு முடியைத் தலையில் செருகுகிறான், நம் பையன் ஆட்டுத்தோல் பையை இடுப்பில் சுமந்து ஊரையே நனைக்கிறான். எது மேல் என்பதை வெயிலில் நின்றவர் சொல்லட்டும்.

இனி மையக் கருதுகோள்: மதுரையில் தொப்பி தலைக்கு உரியதல்ல, மொட்டைக்கு உரியது. கள ஆய்வு அழகர்கோவிலில் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் அக்கா மகனை மடியில் வைத்திருந்ததால், ஆய்வாளரால் குறிப்பெடுக்க முடியவில்லை. பையன் போட்ட கூச்சலில் குரங்குகளே மதிலை விட்டு விலகின. சந்தனம் பூசியாயிற்று, அடுத்தது தொப்பி. கடைக்காரர் டேப் வைத்து அளக்கவில்லை. ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தம் முழங்காலில் மாட்டி இரண்டு இழுப்பு இழுத்து, “போடுங்க, சரியா இருக்கும்” என்றார். சரியாக இருந்தது. முழங்காலும் மூன்று வயது மொட்டையும் ஏறத்தாழ ஒரே சுற்றளவு என்பது இக்கட்டுரையின் ஒரே புதிய கண்டுபிடிப்பு.

பத்து நாளில் முளைமுடி துணியைக் கவ்வத் தொடங்கியது. கழற்றும்போதெல்லாம் சர்ரென்று ஒரு சத்தம், கூடவே ஓர் அழுகை. இருபதாம் நாள் தொப்பி பணி ஓய்வு பெற்றது.

அண்மையில் அதை நேரில் ஆராய்ந்தேன். மாடிக் கொடிக்கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறது. உட்புறம் சந்தன மஞ்சள் வளையம் இரண்டு விரல் அகலத்துக்கு அப்படியே இருக்கிறது. எத்தனை துவைப்புக்கும் போகவில்லை. ஆவணப்படுத்தவேண்டும், கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“தாரேன். அப்ப துணிக் கிளிப்ப எல்லாம் எதுலடா போடுறது?” என்றார்.